பல வருஷமா ஷெட்ல கெடந்த 1969 ரோட் ரன்னர், டிராக் ரேஸ் ஓடுன வண்டி. எங்கருந்து ஆரம்பிக்கிறது?

கேன்டன்காரன்

வணக்கம் மக்களே. மிச்சிகன்ல மைலன் தாண்டி ஒரு பண்ணை வீட்டு ஷெட்ல இருந்து 1969 பிளிமத் ரோட் ரன்னர் ஒண்ண வாங்கி வீட்டுக்கு கொண்டாந்துட்டேன், டிரெய்லர்ல தான். வண்டிக்காரர் பழைய கார் ஃபேக்டரி ஆளு, 70கள்ல டெட்ராய்ட் டிராக்வே, மைலன் டிராக்வே ரெண்டுலயும் ரெகுலரா டிராக் ரேஸ் (நேர் பாதைல கால் மைல் பந்தயம்) ஓட்டிருக்கார், 79ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப ஷெட்டுக்குள்ள விட்டவரு அப்புறம் வெளிய எடுக்கவே இல்ல. இப்ப அவர் இல்ல, அவரோட வீட்டம்மா தான் குடுத்தாங்க. கூடவே ஒரு ஷூ டப்பா நெறைய டைம் ஸ்லிப்பும் (ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம் போட்டு குடுக்குற சீட்டு) ரசீதும்.

வண்டி நெலவரம்: பச்சை கலர். பானட் கறுப்பு ஃபைபர், கீலே கிடையாது, நாலு மூலைலயும் பின்னு குத்தி நிக்குது, ரெண்டு பேர் சேந்து தூக்கி ஓரமா வெக்கணும். கதவுல ஏதோ ஒர்க் ஷாப் பேரு, பிரஷ்ல கையால எழுதுனது, பாதி அழிஞ்சிருக்கு. பின் கண்ணாடில ஷூ பாலிஷ்ல 12.31ன்னு (கால் மைல் ஓடுற நேரம், செகண்டு கணக்கு) எழுதுனது அப்டியே இருக்கு. 440 (கன இஞ்ச்) என்ஜின், மூணு கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக். ஹீட்டர் பெட்டி பூரா எலிக்கூடு. வண்டி நேரா நிக்கல, பின்னாடி வலது பக்கம் ஒரு ரெண்டு இஞ்ச் தூக்கிட்டு நிக்குது, இடது பக்க கமான் பட்டை செத்துருச்சு போல.

நான் நெனச்சிருக்கிறது: புது பேட்டரி போட்டு ஆயில் மாத்தி செல்ஃப் அடிச்சு பாக்குறது, பின் பட்டை ரெண்டு பக்கமும் புதுசு போடுறது, அப்புறம் பெயின்ட்ட உரிச்சு ஷோரூம் கண்டிஷனுக்கு கொண்டு வர்றது. நமக்கு வேலை டிரான்ஸ்மிஷன் சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர் இல்லாத வண்டிய இதுவரைக்கும் தொட்டதில்ல. அனுபவஸ்தர்கள் சொல்லுங்க.

பழையஇரும்பு

தம்பி, மூணையும் செய்யாதீங்க.

மொதல்ல அந்த பட்டை. டிராக் ஓடுன மோபார் வண்டி (பிளிமத், டாட்ஜ் மாதிரி கிரைஸ்லர் கம்பெனி வண்டி) பின்னாடி வலது பக்கம் தூக்கி நிக்குதுன்னா அது கெட்டுப்போனது இல்ல, வேணும்னே அப்படி வெச்சது. சூப்பர் ஸ்டாக் ஸ்பிரிங்னு கிரைஸ்லரே பார்ட்ஸ் கவுன்டர்ல வித்தது, வலதுக்கு ஒரு பார்ட் நம்பர் இடதுக்கு ஒரு பார்ட் நம்பர். லைட்டு பச்சை விழுந்து ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சதும் டிரைவ்ஷாஃப்ட் முறுக்குல வலது பின் சக்கரம் தரைய விட்டு எழும்ப பாக்கும், பாடியோட வலது பின் மூலை கீழ அமுங்க பாக்கும். அதுக்கு எதிரா வலது பக்க பட்டைக்கு வளைவும் பலமும் கூட வெச்சு முன்கூட்டியே தூக்கி நிறுத்திருப்பாங்க, கெளம்புற அந்த நொடில வண்டி மட்டமாகி ரெண்டு டயரும் ஒரே மாதிரி பிடிக்கும். கீழ படுத்து ரெண்டு பக்கமும் எத்தன பட்டைன்னு எண்ணி பாருங்க. டிஃபரென்ஷியல் மூக்குக்கு மேல ரப்பர் வெச்ச ஒரு முட்டு, பினியன் ஸ்னப்பர், அதுவும் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஆளு வெவரமானவரு.

அடுத்தது செல்ஃப். இத்தன வருஷம் நின்ன என்ஜின்ல ஏதாவது ரெண்டு வால்வு தெறந்த நெலைலயே நின்னுருக்கும், அந்த வால்வு கைடுல துரு பிடிச்சு ஒட்டிருக்கும். நீங்க செல்ஃப் அடிச்சீங்கன்னா கேம் பலவந்தமா அமுக்கும், இல்ல மேல வர்ற பிஸ்டன் போய் இடிக்கும், புஷ்ராடு வளஞ்சா அதிர்ஷ்டம், வால்வு வளஞ்சா ஹெட்ட கழட்டணும். எட்டு பிளக்கையும் கழட்டுங்க, ஒவ்வொரு ஓட்டைலயும் மார்வெல் மிஸ்டரி ஆயிலோ இல்ல கியர் ஆயிலும் அசிட்டோனும் கலந்தோ கொஞ்சம் ஊத்துங்க, ஒரு வாரம் அந்த பக்கமே போகாதீங்க. அப்புறம் வால்வு கவர கழட்டிட்டு கிராங்க் போல்ட்ல நீளக் கம்பி போட்டு கையால மெதுவா திருப்புங்க. எங்க நின்னாலும் அங்கயே விட்டுருங்க, பலம் காட்டாதீங்க.

பெயின்ட் பத்தி அப்புறம் சண்டை போடலாம். பானட் பின்னு வெச்சதுன்னு சொல்றீங்களே, வின் நம்பர்ல (வண்டியோட அடையாள நம்பர்) அஞ்சாவது எழுத்து என்ன?

ஸ்காபரோ_அண்ணை

தம்பி, என்ஜினுக்கு முதல் உங்கட நெஞ்சைப் பாருங்கோ. காய்ஞ்ச எலி எச்சத்தை விளக்குமாத்தால கூட்டவும் கூடாது, வாக்குவம் பிடிக்கவும் கூடாது, தூசி எழும்பி மூச்சுக்குள்ள போனா ஹன்டா வைரஸ் எண்டு ஒரு பிரச்சினை இருக்கு. நல்ல மாஸ்க்கும் கையுறையும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து அடிச்சு ஊறவிட்டுட்டு பேப்பரால துடைச்சு எடுங்கோ.

மற்றது, சில்லு கழட்டேக்க கவனம். அந்தக் காலத்து கிரைஸ்லர் வாகனங்களில இடது பக்கச் சில்லு ரெண்டுக்கும் நட்டு எதிர்ப்பக்கம்தான் கழரும். ஸ்டட் நுனியில சின்னதா எல் எண்டு அடிச்சிருக்கும். தெரியாமல் இம்பாக்ட் கண்ணைப் பிடிச்சு இறுக்கி இறுக்கி ஸ்டட்டை முறிச்ச ஆக்கள் கனபேர். நான் ஒன்டாரியோவில கயூகாவில ரேஸ் பாக்கப் போற இடத்தில ஒருத்தர் முறிச்சதை என்ர கண்ணால பாத்தனான்.

கேன்டன்காரன்

யப்பா, நல்லவேளை கேட்டேன். அண்ணை, சரியா சொன்னீங்க, இடது பக்கம் எல் இருக்கு.

இரும்பு சார், வின்: ஆர்எம்23எம்9ஏ, அதுக்கப்புறம் நம்பர். அஞ்சாவது எழுத்து எம்.

பழையஇரும்பு

எம்மா! அப்ப உக்காந்து படிங்க. அது ஏ12. கடைசில வர்ற ஏ, டெட்ராய்ட் லிஞ்ச் ரோடு ஃபேக்டரி.

கோவை_ஸ்பேனர்

சார் நாங்க இங்க கோயமுத்தூர்ல லேத்து போட்டு பொழைக்கிறவங்க, ஏ12ன்னா என்னங்க, கொஞ்சம் வெளக்கமா சொன்னா புண்ணியமா போகும். ரோட் ரன்னர்னா அந்த கார்ட்டூன் குருவி தானுங்களே?

பழையஇரும்பு

அதே குருவி தான். 68ல பிளிமத் அந்த குருவிய வண்டில ஒட்டுறதுக்கு வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் குடுத்துச்சு, ஹாரன் கூட பீப் பீப்னு தான் அடிக்கும். ஐடியா ரொம்ப சிம்பிள்: கார்ப்பெட்டு, குரோம், சொகுசு எல்லாத்தையும் கழட்டி போட்டுட்டு பெரிய என்ஜின், வலுவான சஸ்பென்ஷன், வெலை மூவாயிரம் டாலருக்குள்ள. ஃபேக்டரில வேல செய்ற பையன் கடன் போட்டு வாங்குற மாதிரி. சாதா வண்டிக்கு 383 என்ஜின், 335 குதிரை. அதுக்கு மேல 426 ஹெமின்னு கிரைஸ்லரோட ரேஸ் என்ஜின் இருந்துச்சு, ஆனா அதோட வெலை கேட்டா பையன் ஓடிருவான்.

69 வசந்தத்துல இந்த ரெண்டுக்கும் நடுவுல எறக்குனது தான் ஏ12. 440 என்ஜின் மேல எடெல்பிராக் அலுமினிய மேனிஃபோல்டு, அதுல வரிசையா மூணு ஹோலி ரெண்டு பேரல் கார்புரேட்டர், 390 குதிரைன்னு கணக்கு காட்டுனாங்க. பின்னாடி டானா 60 ஆக்சில், 4.10 ரேஷியோ. கறுப்பு இரும்பு வீல், வீல் கப் கெடையாது. ஏசி கெடையாது. டிஸ்க் பிரேக்கும் கெடையாது, 11 இஞ்ச் டிரம். டாட்ஜ்ல இதே சாமான் சூப்பர் பீன்னு வந்துச்சு, அங்க சிக்ஸ் பேக்னு பேரு, பிளிமத்ல சிக்ஸ் பேரல். ஷோரூம்ல இருந்து நேரா ஸ்டிரிப்புக்கு ஓட்டிட்டு போக செஞ்ச வண்டி.

டெட்ராய்ட் டிராக்வேயும் சும்மா எடம் இல்ல, 59லயும் 60லயும் என்எச்ஆர்ஏ (டிராக் ரேஸ் நடத்துற அமெரிக்க அமைப்பு) நேஷனல்ஸ் அங்க தான் நடந்துச்சு, இண்டியானாபொலிஸுக்கு போனது அதுக்கப்புறம். ஃபேக்டரி இன்ஜினியர்ல இருந்து லைன்ல போல்ட்டு முடுக்குறவன் வரைக்கும் பகல்ல செஞ்ச வண்டிய ராத்திரி ஓட்டுன ஊரு அது.

ஹூஸ்டன்_டர்போ

எல்லாம் சரி சார், ஆனா நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், திட்டாதீங்க. சாமான் எல்லாம் 50 வருஷத்துக்கு மேல பழசு, எத்தனை தான் தட்டி ஒட்டுவாரு? மாடர்ன் கிரேட் ஹெமி (பெட்டில முழுசா வர்ற புது என்ஜின்) ஒண்ண எறக்கி ஃப்யூயல் இன்ஜெக்ஷன், டிஸ்க் பிரேக், ஏசி போட்டா பொண்டாட்டி புள்ளைங்களோட ஞாயித்துக்கிழமை போலாம். பவர் கூட இல்லாத டிரம் பிரேக்க வெச்சுக்கிட்டு 390 குதிரைய ஹைவேல ஓட்டுறது என்ன வீரம்? 70 மைல்ல ரெண்டு தடவ அழுத்தி மிதிச்சா மூணாவது தடவ அங்க பிரேக்கே இருக்காது. மியூசியம் பீஸ்னா மியூசியத்துக்கு குடுத்துருங்க.

ஸ்காபரோ_அண்ணை

டர்போ தம்பி, பிரேக் விசயத்தில நீர் சொல்லுறது நூத்துக்கு நூறு உண்மை. ஏ12க்கு ஹெமி இறக்கிறது மட்டும்தான் என்ர வாயால சொல்லேலாது.

பழையஇரும்பு

பிரேக்குக்கு நானும் ஓட்டு போடுறேன். முன்னாடி டிஸ்க் கிட் போல்ட்டு போட்டு மாட்டிக்கலாம், எங்கயும் வெட்ட வேண்டாம், பழைய டிரம்ம சுத்தம் பண்ணி பெயர் எழுதி அலமாரில வெச்சா நாளைக்கே திருப்பி மாட்டலாம். மாட்டுறாரோ இல்லையோ, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், மூணு ரப்பர் ஓஸு எல்லாம் புதுசு தான் போடணும். ஓஸு வெளிய பாக்க நல்லா இருக்கும், உள்ள வீங்கி அடைச்சிருக்கும், மிதிச்சா பிடிக்கும், விட்டா விடாது.

என்ஜின மாத்துறது வேற வெவகாரம். மாடர்ன் என்ஜின் போடணும்னா அதுக்கு 318 என்ஜின் போட்ட சாதா பிளிமத் சாட்டிலைட் பாடி எத்தனையோ கெடைக்கும், அதுல போடுங்க, நானே வந்து ஸ்பேனர் பிடிக்கிறேன்.

கேன்டன்காரன்

அப்டேட். பட்டை எண்ணி பாத்தேன், வலது பக்கம் இடத விட கூட இருக்கு, ஸ்னப்பரும் இருக்கு. அதனால புது பட்டை ஆர்டர் கேன்சல்.

பிளக் கழட்டி ஆயில் ஊத்தி விட்டதுல கிராங்க் அசஞ்சிருச்சு. ஆனா இரும்பு சார் சொன்ன மாதிரியே டிரைவர் பக்கம் ஒரு எக்சாஸ்ட் வால்வு தெறந்தே நின்னுச்சு, ராக்கர் மேல போயிருச்சு வால்வு வரல. பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு பிளாஸ்டிக் சுத்தியால தட்டி தட்டி, சாயங்காலம் வரைக்கும் இதே வேல, கடைசில டப்புனு மேல வந்துச்சு, இப்ப ஃப்ரீயா ஆடுது. ஹெடர் (எக்சாஸ்ட்) குழாய்க்குள்ள எலி சேத்து வெச்ச ஓக் கொட்டையே ஒரு வாளி.

பின் சீட்ட தூக்குனா ஸ்பிரிங்க்கு நடுவுல ஒரு பேப்பர், பழுப்பு கலர்ல, பாதிய எலி தின்னுருக்கு. வரிசையா நம்பரும் கோடுமா இருக்கு. ஃபேக்டரி பேப்பரா?

ஒரு சங்கடமான விஷயமும் இருக்கு. என்ஜின் பிளாக்ல வலது பக்கம் ஆயில் பேன் விளிம்புக்கு மேல வின் நம்பர் குத்திருக்கணும்னு படிச்சேன், அந்த எடம் மொழு மொழுன்னு இருக்கு. ஒண்ணுமே குத்தல. கியர்பாக்ஸ்ல நம்பர் ஒத்துப்போகுது. அப்ப என்ஜின் ஒரிஜினல் இல்லையா? வெலை பாதியாயிருமா?

பழையஇரும்பு

அந்த பேப்பர் பிராட்காஸ்ட் ஷீட்டு. லைன்ல வண்டி வர்றப்ப எந்தெந்த சாமான் மாட்டணும்னு அடிச்சு விடுற பேப்பர், வேல முடிஞ்சதும் சீட்டுக்கடியில சொருகிட்டு போயிருவாங்க. இரும்புக்கு இருக்கிற மதிப்பு அதுக்கும் இருக்கு. மடிக்காதீங்க, டேப் ஒட்டாதீங்க, லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க. ஆசிட் இல்லாத உறைல போட்டு வைங்க.

பிளாக்: ஒண்ணும் குத்தாம மொட்டையா இருந்தா அது பெரும்பாலும் பார்ட்ஸ் கவுன்டர்ல வித்த சர்வீஸ் பிளாக். வாராவாரம் ரேஸ் ஓடுன வண்டில மொதல் பிளாக்கே இருந்தா தான் நான் ஆச்சரியப்படுவேன். அந்த ஷூ டப்பால டைம் ஸ்லிப் மட்டும் பாத்தீங்களா, ரசீத பாத்தீங்களா?

கேன்டன்காரன்

இருக்கு சார்! 1973 டீலர் ரசீது, 440 ஷார்ட் பிளாக் (ஹெட் இல்லாத என்ஜின் அடிப்பாகம்) ஒண்ணு, பேனால பின்னாடி கனெக்டிங் ராடு வெளிய வந்துருச்சுன்னு அவரே எழுதிருக்காரு. அதுக்கு முந்தின வார டைம் ஸ்லிப்ல இ.டி. (ஓடி முடிச்ச நேரம்) கட்டத்துல வெறும் கோடு.

பழையஇரும்பு

இப்ப பெயின்ட் சண்டைக்கு வர்றேன். நீங்க இத உரிச்சு பளபளன்னு ஷோரூம் வண்டியா ஆக்குனா அது நம்பர் ஒத்துப்போகாத ஏ12, அந்த வரிசைல உங்களுக்கு மேல ஆயிரம் பேர் நிப்பான். அப்படியே விட்டா பிளாக் ஏன் மாறுச்சுங்கிறதுக்கு ரசீது, ரசீதுக்கு டைம் ஸ்லிப், டைம் ஸ்லிப்ல இருக்கிற நேரத்துக்கு கண்ணாடில எழுத்து, ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லுது. வலது பக்கம் தூக்கி நிக்கிறதும் அந்த சாட்சில ஒண்ணு. புது பெயின்ட் அடிக்கிற அன்னிக்கு அந்த கதவு எழுத்து போச்சு, யார் எழுதுனது எப்ப எழுதுனதுன்னு கேக்க ஆளும் இல்ல.

ஓடுற பாகம் எல்லாத்தையும் புதுசு பண்ணுங்க, கண்ணுக்கு தெரியிற பாகத்துல கை வெக்காதீங்க. இது என் கட்சி.

ஹூஸ்டன்_டர்போ

சரி சார், அந்த ரசீது விஷயம் கேட்டப்புறம் நான் ஹெமி பேச்ச எடுக்கல. ஆனா துரு? கதவுக்கு கீழ துரு தின்னுட்டு இருந்தா அதையும் வரலாறுன்னு விட முடியுமா?

பழையஇரும்பு

துருவ நிறுத்தணும், அழகு பாக்கக்கூடாது. உள்பக்கமா மெழுகு கலந்த துரு தடுப்பு எண்ணெய அடிச்சு விடலாம், வெளிய எழுத்து மேல படாது. கதவ கழுவுறப்ப மைல்டு சோப்பு தண்ணி, மெதுவான துணி, எழுத்த சுத்தி மட்டும். ரப்பிங் காம்பவுண்ட் வீட்டுலயே இருக்கக்கூடாது.

கேன்டன்காரன்

ஓகே, பெயின்ட் தப்பிச்சுது. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்னும் என்னென்ன பாக்கணும்? டேங்க்ல இருந்தத எறக்குனேன், டீ டிகாக்‌ஷன் கலர்ல ஏதோ வந்துச்சு, வார்னிஷ் நாத்தம் வீடு பூரா, மனைவி ரெண்டு நாள் பேசல.

பழையஇரும்பு

டேங்க்க மறந்துருங்க இப்போதைக்கு. வெளிய ஒரு சின்ன கேன்ல நல்ல பெட்ரோல், புது ஓஸு, அதுல இருந்து குடுங்க. பழைய மெக்கானிக்கல் பம்ப்போட டயாஃபிரம் கிழிஞ்சிருந்தா பெட்ரோல் ஆயில் சம்ப்புக்குள்ள எறங்கும், அத மாத்துங்க. மூணு கார்புரேட்டர்ல நடுவுல இருக்கிறது மட்டும் தான் ஐடில்ல ஓடும், முன்னாடி பின்னாடி ரெண்டும் வேக்குவம் இழுத்தா தான் தெறக்கும். மொத ஸ்டார்ட்டுக்கு அந்த ரெண்டோட வேக்குவம் ஓஸ கழட்டி அடைச்சிருங்க. நடு கார்புரேட்டர மட்டும் ரீபில்ட் பண்ணா போதும்.

ஆயில் பிரஷர் ஏத்தாம என்ஜின சுத்த விடாதீங்க. டிஸ்ட்ரிபியூட்டர தூக்கி, அதுக்கடியில இருக்கிற கியர் ஷாஃப்ட்டயும் தூக்கணும், தூக்குறதுக்கு முன்னாடி எந்த வாட்டத்துல இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கங்க, அதே வாட்டத்துல போகலன்னா டைமிங் போயிரும். 5/16 அறுகோண கம்பிய டிரில்லுல மாட்டி உள்ள விட்டு பம்ப்ப சுத்துங்க, பிக் பிளாக்குக்கு கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். பிரஷர் ஏறுனதும் டிரில் மொனகும், கைல தெரியும். ராக்கருக்கு ஒரு பக்கம் எண்ணெய் வந்து மறுபக்கம் வரலன்னா பயப்படாதீங்க, கேம்ல இருக்கிற ஓட்டை நேரா வந்தா தான் அந்த பக்கத்துக்கு போகும், கிராங்க கையால கொஞ்சம் திருப்பிட்டு மறுபடி ஓட்டுங்க. ஜிங்க் அதிகமா உள்ள ஆயில் தான் ஊத்தணும், இது ஃப்ளாட் டேப்பெட் கேம், இப்ப வர்ற வண்டிகளுக்கு விக்கிற ஆயில்ல அது பத்தாது.

கோவை_ஸ்பேனர்

கரண்டு பக்கமும் பாக்கணுமுங்களே, எலி ஒயர கடிச்சிருக்குமே.

ஸ்காபரோ_அண்ணை

அதைத்தான் எழுத வந்தனான். மோபாருக்கு ஒரு பிறவிக் குறை: சார்ஜ் ஆகிற கரண்ட் முழுக்க ஃபயர்வால்ல இருக்கிற கனெக்டருக்குள்ளால டாஷ்போர்ட்டில இருக்கிற அம்மீட்டருக்குப் போய், திரும்பவும் அதே கனெக்டருக்குள்ளால வரும். அந்தப் பித்தளைக் காது கறுத்துப் போயிருந்தா சூடேறி பிளாஸ்டிக் உருகும், டாஷ்போர்ட்டுக்குப் பின்னால நெருப்பு. கனெக்டரைக் கழட்டிப் பாருங்கோ, உருகின அடையாளம் இருந்தா அம்மீட்டரை பைபாஸ் பண்ணி ஃப்யூசிபிள் லிங்க்கோட தனி ஒயர் இழுங்கோ. அதுவரைக்கும் வேலை முடிஞ்ச உடன பேட்டரியைக் கழட்டி விடுங்கோ.

கேன்டன்காரன்

மக்களே ஸ்டார்ட் ஆயிருச்சு!!!

கனெக்டர்ல ஒரு காது சுத்தமா உருகிருந்துச்சு அண்ணை, பைபாஸ் பண்ணிட்டேன். டிரில் போட்டு டிரைவர் பக்க ராக்கர்ல எண்ணெய் சொட்ட ஆரம்பிச்சுது, மறுபக்கம் வறண்டே இருந்துச்சு, கிராங்க கால் வட்டம் திருப்புனதும் கொழ கொழன்னு வந்துச்சு. பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர் வெச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சேன். மொதல்ல ஃப்ளோட் ஒட்டிக்கிட்டு நடு கார்புரேட்டர் வழிஞ்சுது, நிறுத்தி ஸ்குரூடிரைவர் பிடியால ஒரு தட்டு, அப்புறம் அடிச்சா பிடிச்சுக்கிச்சு. ஹெடர்ல மிச்சம் இருந்த எலிக்கூடு கருகி ஷெட் பூரா பொகை, கராஜ் கதவு தகரம் அதிருது. ஆயில் பிரஷர் ஸ்டெடி. ஒரு லிஃப்டர் மட்டும் கொஞ்ச நேரம் டக் டக்னுச்சு, சூடானதும் அடங்கிருச்சு.

டைம் ஸ்லிப் குடுத்த அந்த அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல கேக்க வெச்சேன், சோக்‌ ஏன் இன்னும் போட்டு வெச்சிருக்க, எடுத்து விடுன்னாங்க. அவங்களும் ஓட்டிருக்காங்களாம், அத இப்ப தான் சொல்றாங்க.

அடுத்து பிரேக் வேலை. எல்லாம் முடிஞ்சா மைலன்ல ஒரு தடவ கால் மைல் ஓட்டணும்னு ஆசை. ரோல் பார் (வண்டி உருண்டா தலைய காக்குற இரும்புக் குழாய்) கேப்பாங்களா? அதுக்கு தரைய ஓட்டை போட மனசு வரல.

பழையஇரும்பு

அந்த அம்மாகிட்ட உக்காந்து பேசி ரெக்கார்ட் பண்ணுங்க, கதவுல எழுதுனது யாருன்னு அவங்களுக்கு தெரிஞ்சாலும் தெரியும்.

ரோல் பார் 11.49ம் அதுக்கு வேகமாவும் ஓடுற வண்டிக்கு தான் கேப்பாங்க, 12.31க்கு வேண்டாம். 13.99க்கு கீழ ஓடுறதால ஹெல்மெட் கட்டாயம், ஸ்லிக் டயர் (வரி இல்லாத ரேஸ் டயர்) போட்டா டிரைவ்ஷாஃப்ட் லூப்பும் (ஷாஃப்ட் முறிஞ்சா கீழ விழாம பிடிக்கிற இரும்பு வளையம்) கேப்பாங்க, அது அவரே வெல்டு அடிச்சிருப்பாரு, பாருங்க. வண்டியோட ஷெட்ல இருந்து பழைய ஸ்லிக் வந்திருந்தா அத மாட்டி ஓட்டாதீங்க, ரப்பர் கல்லாயிருக்கும், சைடு வெடிக்கும். ஓட்டுறதுக்கு புது டயர்.

ஒண்ணே ஒண்ணு, அந்த 727 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பர்ன்-அவுட் (டயர சூடாக்க நின்ன எடத்துலயே சுத்த விடுறது) பண்றப்ப ஃபர்ஸ்ட்லயே வெச்சு அதிகமா சுத்த விட்டு டக்குனு ஆக்சிலேட்டர விடாதீங்க, உள்ள ஸ்பிராக் (ஒரு பக்கம் மட்டும் சுத்த விடுற கிளட்ச்) கழண்டுச்சுன்னா முன் டிரம் எக்கச்சக்க வேகத்துல சுத்தி வெடிச்சு கேஸ பொளந்துட்டு வரும், உங்க கால் அதுக்கு பக்கத்துல தான் இருக்கு. செகண்ட்ல போட்டு பண்ணுங்க. அதுக்கு முன்னாடி பேன கழட்டி ஃபில்டர் மாத்தி, அடியில மேக்னட்ல என்ன ஒட்டிருக்குன்னு ஒரு போட்டோ போடுங்க.

கேன்டன்காரன்

சனிக்கிழமை பேன எறக்குறேன் சார், போட்டோ போடுறேன்.